பிடித்த வீரரை அணி டிரேட் செய்துவிட்டால்: பேஸ்பால் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

ஜூலை மாதக் கடைசி நெருங்க நெருங்க பேஸ்பால் ரசிகர்கள் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். சீசன் நடுவில் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடுக்கு அப்போதுதான் கெடு. நேற்று வரை நம் அணிக்கு ஆடியவர் இன்று வேறு ஊர்ச் சட்டையோடு நிற்பார். அமெரிக்காவுக்கு வந்து புதிதாக ஆட்டம் பார்க்கத் தொடங்கியவர்களும், ஊரிலிருந்தே விடியற்காலையில் எழுந்து பார்ப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அணி அனுப்பிவிட்ட வீரரை விடாமல் பார்க்கலாம். அதற்காக யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களை விட்டுப் போனவர்தானே அவர்? அவர் மேல் கோபம் வராதா?

டிரேட் என்றால் அவர் போகவில்லை, அனுப்பப்பட்டார். இரண்டு அணிகளின் மேலாளர்கள் பேசி முடித்த பிறகுதான் பெரும்பாலும் வீரருக்கே விஷயம் தெரியும். மூன்று நாளுக்குள் புது ஊரில் போய் நிற்க வேண்டும். மனைவி, குழந்தைகள், வாடகை வீடு எல்லாம் பின்னால்.

ஒப்பந்தம் முடிந்து, தானே விலை பேசி வேறு அணிக்குப் போவது தனிக் கதை. அட்லாண்டாவின் ஃபிரெடி ஃப்ரீமன் 2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனது அப்படித்தான். அதில்கூட யார் பக்கம் தப்பு என்று விவாதிக்க இடமுண்டு. டிரேடில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. கோபம் வந்தால் அலுவலக அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் மேல் வரட்டும்.

மாட்டேன் என்று சொல்ல வீரருக்கு உரிமையே கிடையாதா?

சிலருக்கு உண்டு. பெரிய லீகில் (அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் லீகான எம்எல்பி) 10 ஆண்டு ஆடி, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவர் டிரேடை மறுக்கலாம். இன்னும் சிலர் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் போகத்தான் வேண்டும்.

இந்தச் சிறிய உரிமைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 12 சீசன் ஆடியவர் கர்ட் ஃப்ளட். 1964-லும் 1967-லும் பட்டம் வென்ற அணியின் நடுக்களக்காரர், சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை ஏழு முறை வாங்கியவர். 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார்கள். அவர் போகவில்லை. நான் வாங்கி விற்கப்படும் சொத்து அல்ல என்று லீகின் தலைமை நிர்வாகியான ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். வழக்கும் போட்டார். 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. 1972-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்டமும் முடிந்துபோயிருந்தது.

வழக்கு தோற்றாலும் வீரர் சங்கம் விடவில்லை. மேலே சொன்ன 10-5 விதி 1973-ல் வந்தது. அந்த ஆண்டே சிகாகோ கப்ஸின் ரான் சான்டோ அதைப் பயன்படுத்தி, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குப் போக முடியாது என்றார். இன்றைக்கும் அதைக் கர்ட் ஃப்ளட் விதி என்று சொல்பவர்கள் உண்டு. விதி கிடைத்தது அடுத்தவர்களுக்கு. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐபிஎல் டிரேட் மாதிரிதானே இதுவும்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆனால் ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் டிரேட் நடக்காது. 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்கும் சஞ்சு சாம்சன் அங்கிருந்து சென்னைக்கும் மாறியபோது சேப்பாக்கம் ரசிகர்களுக்கு எப்படி இருந்ததோ, அதே உணர்வு பேஸ்பாலில் ஆண்டுக்கு ஆண்டு ஏதோ ஒரு ஊரில் வருகிறது. அங்கே சம்மதம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நன்றாக ஆடுகிறவரை எதற்காக அனுப்புகிறார்கள்?

பணமும் காலமும். ஒரு வீரர் பெரிய லீகில் 6 ஆண்டு முடித்துவிட்டால் எந்த அணியோடும் பேரம் பேசலாம். ஐந்தாம் ஆண்டு வாக்கில் அணிக்குக் கணக்கு தொடங்கிவிடும். இவரை அடுத்த ஆண்டு இழந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, இப்போதே அனுப்பினால் நாலு இளைஞர்கள் கிடைப்பார்கள் என்ற கணக்கு.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூக்கி பெட்ஸை அனுப்பியது இதற்கு நல்ல உதாரணம். நல்ல உதாரணம் என்று சொல்லும்போதே பாஸ்டன்காரர்களுக்கு எரியும். எம்எல்பிக்குள் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக். 2018-ல் அமெரிக்கன் லீகின் எம்விபி, அதாவது ஆண்டின் மிக மதிப்புள்ள வீரர், அவர்; அதே ஆண்டு அணி இறுதிப் பட்டமான வேர்ல்டு சீரிஸ் வென்றது. 2020 பிப்ரவரியில் அவரையும், பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பிட்ச்சர் (பந்து எறிபவர்) டேவிட் பிரைஸையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். சம்பளப் பட்டியல் வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய ஆடம்பர வரி ஒரு காரணம், அந்த சீசன் முடிந்தால் பெட்ஸ் யாரோடும் பேசலாம் என்பது இன்னொன்று. சில மாதங்களிலேயே டாட்ஜர்ஸ் அவருக்கு 12 ஆண்டுக்கு 36.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2020, 2024, 2025 என மூன்று பட்டங்கள் அங்கே வாங்கிவிட்டார். வரி மிச்சமானது பாஸ்டனுக்கு. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க முடியாது.

எல்லா டிரேடும் இப்படி ஏமாற்றம் அல்ல. வாஷிங்டன் நேஷனல்ஸ் 15 ஆண்டுக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னதை ஹுவான் சோட்டோ ஏற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 2 அன்று, 23 வயதில், அவரை சான் டியாகோவுக்கு அனுப்பினார்கள். பதிலாக வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் பின்னாளில் சீசனின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். சோட்டோ அங்கிருந்து நியூயார்க் யாங்கீஸ், பிறகு அதே ஊரின் மெட்ஸ் என்று போய் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

அவரைப் பின்தொடர்ந்தால் பழைய அணிக்குத் துரோகமா?

இல்லை.

சரி, வேறு அணிக்குப் போனவரைத் தினமும் எப்படிப் பார்ப்பது?

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். இரண்டு அணியையும் முழுதாகப் பார்க்க முயன்றால் வேலை போய்விடும். பழைய அணியை முன்போலவே பாருங்கள். இவரை மட்டும் வேறு விதமாகப் பின்தொடருங்கள். எம்எல்பி ஆப்பில் அவர் பெயரைப் பிடித்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஹோம் ரன் அடித்ததும் செய்தி வந்துவிடும். அவர் பேட் பிடிக்கும் நாலு தடவையையும் மறுநாள் துண்டு வீடியோவாகப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். பிட்ச்சர் என்றால் இன்னும் எளிது. தொடக்க பிட்ச்சர் ஐந்து ஆறு நாளுக்கு ஒரு தடவைதான் வருவார். அந்த நாளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு முழு ஆட்டமும் பார்க்கலாம். டிரேட் ஆன பிட்ச்சரின் ரசிகராக இருப்பதில் இந்த ஒரு சுகம் உண்டு.

எம்எல்பி டிவி சந்தா வைத்திருக்கும் அமெரிக்க ரசிகர்களுக்கு ஒரு வேடிக்கை. உள்ளூர் அணியின் ஆட்டங்களை அந்தச் சந்தாவில் பொதுவாகப் பார்க்க முடியாது, வட்டாரத் தடை இருக்கும். தூரத்து ஊர் அணிக்குத் தடை இல்லை. ஆக, உங்கள் வீரர் வெளியூர் போன பிறகுதான் கட்டிய காசுக்கு அவரைப் பார்க்க முடியும்!

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரம்தான் முக்கியம். பாஸ்டனில் இரவு 7.10 ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.40. லாஸ் ஏஞ்சலஸில் 7.10 என்றால் நமக்குக் காலை 7.40. பெட்ஸ் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனது பாஸ்டனுக்கு இழப்பு, சென்னையில் அலாரம் வைத்துக்கொண்டிருந்தவருக்கு மூன்று மணி நேரத் தூக்கம் லாபம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு நேர்மாறு: ஆட்டம் தொடங்கவே இரவு 10.10.

எங்கள் ஊருக்கு அவர் எப்போது ஆட வருவார்?

முன்பு அடுத்த லீகுக்குப் போனவர் பல ஆண்டு கண்ணிலேயே பட மாட்டார். 2023-ல் அட்டவணையை மாற்றினார்கள். இப்போது 30 அணிகளும் ஒவ்வொரு சீசனிலும் ஒன்றோடொன்று மோதும். அடுத்த லீக் அணி என்றால் ஒரு ஆண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. டாட்ஜர்ஸ் 2023 ஆகஸ்டில் பாஸ்டனின் அரங்கமான ஃபென்வே பார்க்குக்கு வந்தபோதுதான் பெட்ஸ் டிரேடுக்குப் பிறகு முதல்முறையாக அங்கே ஆடினார். அரங்கமே எழுந்து நின்றது. அடுத்து 2025 ஜூலையில் வந்தார்கள். ஒரே லீகுக்குள் போனவர் என்றால் ஆண்டுதோறும் வருவார். சீசன் அட்டவணை வந்ததும் அவர் வரும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்குத் தாமதிக்க வேண்டாம், உங்களைப் போல ஊரே யோசிக்கும்.

சில சமயம் அட்டவணை காத்திருக்கவே விடாது. ரெட் சாக்ஸ் ராஃபயல் டெவர்ஸை 2025 ஜூன் 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. அந்த வாரக் கடைசியிலேயே ரெட் சாக்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆடப் போனது. பழைய அணிக்கு எதிராக ஹோம் ரனும் அடித்தார்.

இதையும் மிஞ்சியது இச்சிரோ. 2012 ஜூலை 23. யாங்கீஸ் சியாட்டிலுக்கு வந்திருந்த நாள் அது. 11 சீசனுக்கு மேல் மரினர்ஸுக்கு ஆடிய இச்சிரோ சுசுகி, தானே கேட்டு வாங்கிய டிரேடில், அதே அரங்கத்தில் அடுத்த அணியின் அறைக்கு நடந்து போனார். அன்று இரவே 51-க்குப் பதில் 31 போட்ட சாம்பல் நிறச் சட்டையில் வந்து நின்றார். முதல் முறை பேட் பிடிக்க வந்தபோது கூட்டம் எழுந்து கைதட்ட, தலைக்கவசத்தைக் கழற்றி ரசிகர்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். பிறகு ஒரு சிங்கிள் அடித்தார், இரண்டாம் பேஸைத் திருடினார் (பிட்ச்சர் பந்து போடும்போதே ஓடிப் பிடித்தார்). நான் பார்த்த பிரிவுக் காட்சிகளில் இதற்கு இணை இல்லை. பிரிந்தவர் பிரிந்த அன்றே வந்து விடைபெற்றுக்கொண்டார்.

எங்கள் அணிக்கு எதிராக ஆடும்போது யாருக்குக் கைதட்டுவது?

முதல் முறை பேட் பிடிக்க வரும்போது எழுந்து நின்று தட்டுங்கள், நீளமாகவே தட்டுங்கள். (ரொம்ப நீளமாகவும் வேண்டாம். 2023-ல் கோடி பெலிஞ்சர் கப்ஸ் சட்டையில் டாட்ஜர் ஸ்டேடியம் திரும்பியபோது, ரசிகர்கள் நின்று தட்டிக்கொண்டிருக்கையில் புதிய பிட்ச் கடிகாரத்தின்படி நேரம் முடிந்து, மூன்று சேர்ந்தால் அவுட் ஆகும் ஸ்டிரைக்கில் ஒன்றை நடுவர் கொடுத்துவிட்டார்.) அதற்குப் பிறகு உங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஒன்பதாம் இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது அவர் வந்தால் ஸ்டிரைக் அவுட் ஆகட்டும் என்றுதான் நானும் வேண்டுவேன். அவர் நாலு ஹிட் அடிக்க, நம் அணி ஜெயிப்பதுதான் அமைய வேண்டிய ஆட்டம், அபூர்வமாக அமையும்.

பழைய சட்டையை என்ன செய்வது? புது அணியின் சட்டை வாங்கலாமா?

பழையதைப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போங்கள். ஃபென்வேயில் பெட்ஸின் 50-ஆம் எண் சட்டையை இன்றும் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புதுச் சட்டை வாங்குவது உங்கள் இஷ்டம். கொஞ்சம் பொறுத்து வாங்குங்கள் என்பேன், ஜூலையில் வந்தவர் பல சமயம் நவம்பரில் அங்கேயும் இருக்க மாட்டார். எண்ணும் மாறலாம். பெட்ஸுக்கு 50 அப்படியே தொடர்ந்தது; பாஸ்டனில் 11 போட்ட டெவர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவில் 16. எட்வின் ஜாக்சன் என்ற பிட்ச்சர் 14 அணிகளுக்கு ஆடினார், அது சாதனை. அவருடைய தீவிர ரசிகருக்குத் தனி பீரோ வேண்டியிருந்திருக்கும்.

அவருக்குப் பதிலாக வந்தவனைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. என்ன செய்ய?

பாவம், அந்தப் பையனும் எங்கிருந்தோ அனுப்பப்பட்டவன்தான். பெட்ஸ் இடத்தில் வலதுபுறக் களத்தில் வந்து நின்ற அலெக்ஸ் வெர்டூகோவைப் பாருங்கள். எம்விபிக்கு ஈடாக வந்தவர் என்ற முத்திரை நாலு சீசனும் அவரை விடவில்லை. சுமாருக்கு மேலான ஆட்டக்காரர்தான், ஆனால் பெட்ஸ் இல்லையே!

வெறுப்பதைவிட, வந்தவர்களையும் சேர்த்துப் பின்தொடர்ந்தால் டிரேடின் முழுக் கதையும் கிடைக்கும். ஒரு வீரர் யாருக்கு மாறினார், அவர் பிறகு யாருக்கு மாறினார் என்று கிளை பிரித்து எழுதுவதை டிரேட் மரம் என்பார்கள். பெட்ஸ் மரத்தின் கிளைகள் மூன்று. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர்) கானர் வாங் பாஸ்டனில் நிலைத்தார். ஜீட்டர் டவுன்ஸ் நிலைக்கவில்லை. 2022 டிசம்பரில் வாஷிங்டன் எடுத்துக்கொண்டது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை, அந்தக் கிளை பட்டுப்போனது. வெர்டூகோவை 2023 டிசம்பரில் பரம எதிரியான யாங்கீஸுக்கே கொடுத்து ரிச்சர்ட் ஃபிட்ஸ், கிரெக் வைசர்ட் உள்பட மூன்று பிட்ச்சர்களை வாங்கினார்கள். இந்த மரத்தை வரைந்து பார்த்தால் டிரேடை நியாயப்படுத்துவது இன்னும் கடினமாகிறது என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1964-ல் கப்ஸ் அனுப்பிவைத்த லூ பிராக் செயின்ட் லூயிஸில் பேஸ் திருடுவதில் சரித்திரம் படைத்து மொத்தம் 938-ல் முடித்தார். அப்போது பிராக்குக்காக எர்னி புரோலியோ என்ற பிட்ச்சரைக் கொடுக்கிறார்களே என்றுதான் செயின்ட் லூயிஸில் பலர் நொந்துகொண்டார்கள். டிரேட் ஆன அன்று எழுதும் தீர்ப்பெல்லாம் பென்சிலில் எழுத வேண்டியவை.

சீசன் நடுவில் மாறினால் அவருடைய எண்ணிக்கை என்னாகும்?

மொத்தக் கணக்கு அவரோடு போகும், லீக் கணக்கு போகாது. 1997-ல் மார்க் மக்வயர் ஓக்லாந்துக்கு 34, ஜூலைக் கடைசியில் செயின்ட் லூயிஸுக்கு மாறிய பிறகு 24, ஆக 58 ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டு வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு லீகிலும் முதலிடம் அவருக்கு இல்லை, அமெரிக்கன் லீகில் கென் கிரிஃபி ஜூனியர், நேஷனல் லீகில் லேரி வாக்கர். 2025-ல் யூஹேனியோ சுவாரெஸ் அரிசோனாவில் 36, சியாட்டிலில் 13 என்று 49 அடித்ததும் இப்படிப் பிரிந்துதான் கிடக்கிறது. எதிர்மாறாக, 1984-ல் கிளீவ்லாந்திலிருந்து ஜூனில் கப்ஸுக்கு வந்த பிட்ச்சர் ரிக் சட்கிளிஃப், வந்த பிறகு 16 வெற்றி, ஒரே தோல்வி என்று ஆடி, அரை சீசன் மட்டுமே ஆடிய லீகில் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வாங்கிப் போனார்.

ஒரே நாளில் இரண்டு அணிக்கு ஆட முடியுமா?

ஆடியிருக்கிறார்கள். 1982 ஆகஸ்ட் 4 அன்று ஜோயல் யங்பிளட் பகலில் சிகாகோவில் மெட்ஸுக்காக ஒரு ஹிட் அடித்தார். ஆட்டத்தின் நடுவிலேயே மான்ட்ரியாலுக்கு டிரேட். விமானம் பிடித்து ஃபிலடெல்ஃபியா போய், அன்று இரவே புது அணிக்காக இன்னொரு ஹிட். எதிரே பந்து போட்டவர்கள் சிகாகோவில் ஃபெர்கி ஜென்கின்ஸ், ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டீவ் கார்ல்டன். இருவரும் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள்.

ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடியவரும் உண்டு. 2024 ஜூன் 26 அன்று பாஸ்டனில் டொராண்டோவின் டேனி ஜான்சன் பேட் பிடித்துக்கொண்டிருந்தபோது மழை வந்து ஆட்டம் நின்றது. ஜூலையில் அவரைப் பாஸ்டனுக்கே டிரேட் செய்துவிட்டார்கள். ஆகஸ்ட் 26-ல் அதே ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, அவர் பாஸ்டனின் கேட்சராக உட்கார்ந்திருந்தார். அவர் பாதியில் விட்ட முறையை டொராண்டோவுக்காக வேறொருவர் வந்து முடித்தார்.

டிரேட் ஆனவர் திரும்பி வருவதுண்டா?

உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மெட்ஸின் பிட்ச்சர் டாம் சீவர் 1977 ஜூன் 15 அன்று சின்சினாட்டிக்கு அனுப்பப்பட்டார். சம்பளத் தகராறு முற்றிப் போனதன் விளைவு. நியூயார்க் அதை இன்றும் நள்ளிரவுப் படுகொலை என்கிறது. மெட்ஸில் அவருக்கு அமையாத நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) மறு ஆண்டு சின்சினாட்டியில் அமைந்தது. 1982 டிசம்பரில் திரும்ப வாங்கி வந்தார்கள். 1984 ஜனவரியில், மற்ற அணிகள் எடுக்கக் கூடாத பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட, சிகாகோ ஒயிட் சாக்ஸ் அள்ளிக்கொண்டு போனது. ஒரே மனிதரை இரண்டு முறை தொலைத்த அணி! 1985-ல் தன் 300-ஆவது வெற்றியை அவர் நியூயார்க்கிலேயே பெற்றார், யாங்கி ஸ்டேடியத்தில், ஒயிட் சாக்ஸ் சட்டையில். ஹால் ஆஃப் ஃபேம் பலகையில் மட்டும் மெட்ஸ் தொப்பிதான் இருக்கிறது.

இச்சிரோவும் 2018-ல் சியாட்டில் திரும்பி, 2019 மார்ச்சில் டோக்கியோவில் மரினர்ஸ் சட்டையிலேயே ஓய்வு பெற்றார்.

டிரேட் செய்தி வந்துவிட்டது. பொய்யாகப் போக வாய்ப்பு உண்டா?

மருத்துவ அறிக்கை பார்க்கும் வரை எதுவும் முடிவல்ல. 2015 ஜூலை 29 இரவு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மெட்ஸின் வில்மர் ஃபுளோரஸ் மில்வாக்கிக்குப் போகிறார் என்று செய்தி பரவியது. அரங்கத்தில் இருந்தவர்கள் கைபேசியில் பார்த்துவிட்டு அவருக்கு விடைகொடுக்க எழுந்து நின்றார்கள். 16 வயதில் அந்த அணியில் சேர்ந்தவர் அவர். களத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிரவே பேச்சு முறிந்தது, அவர் எங்கும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, வாஷிங்டனுக்கு எதிராக 12-ஆம் இன்னிங்ஸில் ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன் அடித்துவிட்டு, ஓடி வரும்போது சட்டையில் இருந்த மெட்ஸ் என்ற எழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

எந்தத் தேதி வரை பயப்பட வேண்டும்?

பொதுவாக ஜூலைக் கடைசி, சில ஆண்டு ஆகஸ்ட் முதல் சில நாள். அண்மை ஆண்டுகளில் கெடு கிழக்கு அமெரிக்க நேரப்படி மாலை 6 மணி, நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. கடைசி நிமிஷத்தில் முடிந்தவை அரை மணி நேரம் கழித்தும் வெளியே வரும், அதனால் நாலு மணி வரை போனைக் கீழே வைக்க வேண்டாம். முன்பு ஆகஸ்டிலும் ஒரு பின்வாசல் இருந்தது. ஜஸ்டின் வெர்லாண்டர் 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் டெட்ராய்ட்டிலிருந்து ஹூஸ்டன் போனார். 2019-ல் அந்த வாசலை மூடிவிட்டார்கள். கெடு தாண்டிவிட்டால் பெரிய லீக் பட்டியலில் இருப்பவரை வேர்ல்டு சீரிஸ் முடியும் வரை டிரேட் செய்ய முடியாது. நவம்பரில் மறுபடி திறக்கும்.